செவ்வாயில் தொலைந்த மூவர்

...இல்லை, சத்தம் இன்னும் வரவில்லை, திரையில் அந்தப் பெண்மணியின் உதடுகள் மட்டும்தான் அசைகின்றன, அதற்குள் ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிடலாமா, வேண்டாம், போத்தல் மூடியைத் திறக்கும் நேரம் பார்த்துத்தான் சத்தம் வந்து சேரும் என்று சுபத்திரா நினைத்துக்கொண்டாள். இந்தச் சத்தம் இன்று முழுக்க வராமலே போனால் எவ்வளவு நல்லது... அப்படி நினைத்ததும் வெட்கமாக இருந்தது, பாவம் மீராசாஹிபு சேர், ஒரு தொலைநோக்கிகூட இல்லாத பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்துக்கொண்டு, எந்தெந்த நாட்டுக்கோ ஆறு மாதமாக மின்னஞ்சல் எழுதி, கடைசியில் போர்த்துக்கலில் இருந்து இந்த ஹெலெனாவைப் பிடித்திருக்கிறார், செவ்வாய்க்குப் போன ஒரு ஊர்திக்குக் கட்டளை அனுப்பும் கூட்டத்தில் அவளும் ஒருத்தியாம், ஒன்பதாம் வகுப்புக்கு முக்கால் மணித்தியாலம் தருகிறேன் என்று பதில் போட்டிருக்கிறாள். ஆசிரியர் கூட்டத்தில் அதை அறிவித்தபோது அவர் முகத்தில் பெருநாள் வெளிச்சம். "அவவுக்குத் தமிழ் தெரியாதுதான், எங்களுக்கென்ன பயம், சுபத்திரா ரீச்சர் இருக்கிறாதானே" என்றார், எல்லோரும் இவளைத் திரும்பிப் பார்த்தார்கள், இவளும் சிரித்துத் தலையாட்டினாள், அந்தத் தலையை அன்றைக்கே பிடித்து நிறுத்தியிருக்கலாம்.

ஒருவருக்கும் தெரியாத ஒன்று இருந்தது. எட்டு வருடமாக இந்தத் தீவுப் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஸ் படிப்பிக்கும் சுபத்திராவுக்கு இங்கிலீஸ் காதுக்குள் போகாது. கண்ணுக்குள் போகும். எழுத்தாக வந்தால் எவ்வளவு நீண்ட வசனத்தையும் பிரித்துப் போட்டுவிடுவாள், ஆனால் யாராவது வாய் திறந்து பேசினால் சொற்கள் குழைந்த சோறு மாதிரி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வரும், எது எங்கே முடிகிறது என்று பிடிபடுவதற்குள் அடுத்த அகப்பை விழுந்துவிடும். உயிலங்குளத்தில் வயல் செய்கிற வீட்டில் யார் இங்கிலீஸ் பேசினார்கள்... போரில் இடம்பெயர்ந்து மடு முகாமில் இருந்த மாரிகாலம், அவளுக்குப் பதினொரு வயது, நிவாரணம் கொடுக்க வந்த வெள்ளைக்காரி அப்பாவிடம் என்னவோ கேட்டாள், அப்பா இவளைப் பார்த்தார், பிள்ளை இங்கிலீஸ் புத்தகம் வாசிக்கும் என்று அந்த வரிசை முழுவதற்கும் தெரியும், இவள் "யெஸ், யெஸ்" என்றாள், வெள்ளைக்காரி காகிதத்தில் ஒரு சரி போட்டுவிட்டு அடுத்த கூடாரத்துக்குப் போய்விட்டாள். போர்வை இருக்கிறதா என்று கேட்டிருக்கிறாள். ஒன்பது பேர் அந்த மழையை இரண்டு சாரத் துணிக்குள் கழித்தார்கள். அப்பா ஒரு வார்த்தை ஏசவில்லை, ஏசியிருந்தால் இவ்வளவு நாள் ஞாபகம் இருந்திருக்குமா?

சத்தம் வந்துவிட்டது. ஹெலெனா கையசைத்தாள், நரைத்த குட்டைத் தலைமயிர், கழுத்தில் ஒரு மஞ்சள் துணி, அங்கே காலை எட்டு மணி, கையில் கோப்பிக் கோப்பை. முப்பத்தொரு கைகள் திருப்பி அசைந்தன, றெக்சன் இரண்டு கையாலும் அசைத்தான், ஜெனிஸ்ரா இதற்காகவே புது ரிபன் கட்டிக்கொண்டு வந்திருக்கிறாள், இந்தப் பிள்ளைகளின் முகங்களைப் பார்த்தால்... இவர்களுக்காக எதையாவது செய்துதான் ஆக வேண்டும். மூன்று நாளாகத் தேங்காய் திருவும்போதும் உடுப்புத் தோய்க்கும்போதும் தனக்குத்தானே இங்கிலீஸ் பேசிப் பார்த்தாள், கணவன் பாலசிங்கம் குசினி வாசலில் நின்று, "ஆரோட கதைக்கிறீர்?" என்று கேட்டான், செவ்வாய்க் கிரகத்தோட என்றாள், அவன் சிரித்துக்கொண்டு போய்விட்டான். இப்போது ஹெலெனா பேசுகிறாள், மார்ஸ் என்கிறாள், டஸ்ட் என்கிறாள், சிக்னல், தர்ட்டீன் மினிட்ஸ், நல்லது, நான்கு சொல் அகப்பட்டுவிட்டது, நான்கு கம்பு இருந்தால் கொட்டில் போட்டுவிடலாமே. "பிள்ளையள், அவ என்ன சொல்லுறா எண்டால், நாங்கள் இஞ்சையிருந்து ஒரு சொல் சொன்னால் அது செவ்வாய்க்குப் போய்ச் சேரப் பதின்மூண்டு நிமிசம் செல்லும்." ஆ என்று வகுப்பு வாய் பிளந்தது. மீராசாஹிபு சேர் கடைசி வரிசையில் நின்று கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். ஓ, இவ்வளவுதானா, இதற்கா மூன்று நாள் சோறு இறங்கவில்லை?

அந்தத் துணிச்சல்தான் வினையாகிவிட்டது. ஹெலெனா வேகம் பிடித்தாள், கைகளை ஆட்டினாள், குரல் தாழ்ந்தது, புழுதிப் புயல் என்கிறாள், பெரிய புயல், சூரியன் தெரியவில்லை, பற்றரி இறங்கிவிட்டது, ஊர்தி பேசவில்லை, நாங்கள் காத்திருந்தோம், காத்திருந்தோம்... பிறகு மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, அன்றைக்கு அவள் சொன்னதிலேயே தெளிவான வசனம், "வீ லொஸ்ட் த்ரீ சோல்ஸ்." சோல் என்றால் ஆன்மா, நான்காம் வகுப்பிலேயே தெரிந்த சொல், இதில் தடுமாற என்ன இருக்கிறது, பாவம், அதுதான் அந்த முகம் அப்படி வாடிப்போயிற்று. "பிள்ளையள்..." என்றாள், "அந்தப் புயலிலை மூண்டு உயிர் போட்டுது." ஜெனிஸ்ரா நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள், ஹுசைன் "இன்னாலில்லாஹி" என்று உதட்டுக்குள் முணுமுணுத்தான். திரையில் ஹெலெனா கோப்பியை ஒரு வாய் குடித்தாள். மூன்று பேர் செத்ததைச் சொல்லிவிட்டு யாராவது உடனே கோப்பி குடிப்பார்களா, அவர்கள் நாட்டு வழக்கம் அப்படியோ என்னவோ...

அப்போது றெக்சன் எழுந்து நின்றான். "ரீச்சர், அவையின்ர பேர் என்ன?" இவளுக்கு முதலில் விளங்கவில்லை. "செத்த ஆக்களின்ர பேர், ரீச்சர். கேட்டுச் சொல்லுங்கோ." றெக்சனின் சித்தப்பா கடலில் போனவர், ஒவ்வொரு நவம்பரும் இறந்தவர்களின் திருநாளில் கோயிலில் பாதர் அவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசிப்பார், அதை அவனே ஒருமுறை கட்டுரையில் எழுதியிருக்கிறான், இவள் அதில் ஆறு எழுத்துப்பிழை திருத்தினாள். பெயரை வாசிக்காமல் விட்டால் அந்த ஆள் வீட்டுக்கு வரும் வழியை மறந்துபோவாராம், கட்டுரையின் கடைசி வசனம் அதுதான். முப்பத்தொரு பிள்ளைகளும் இப்போது பேனையைத் திறந்து வைத்துக்கொண்டு, கொப்பியில் மூன்று பெயர்களுக்கு இடம் விட்டுக் காத்திருந்தார்கள். சரி, கேட்டுவிடலாம், "வட் ஆர் தெயர் நேம்ஸ்?" ஹெலெனா புருவத்தைச் சுருக்கினாள். நேம்ஸ்? ஒஃப் வட்? மீராசாஹிபு சேர் ஓரமாக நடந்து வந்து இவள் காதருகே குனிந்து, "ரீச்சர், செவ்வாய்க்கு இன்னும் ஒரு மனிசரும் போகேல்லையே" என்றார், குற்றம் சாட்டுகிற குரலில் அல்ல, தான்தான் ஏதோ பிழையாக விளங்கிக்கொண்டதாக்கும் என்பதுபோல.

மூன்று பெயரை இட்டுக்கட்டிச் சொல்லிவிட்டால் என்ன, ஒரு மரியா, ஒரு பீற்றர், ஒரு... யாருக்குத் தெரியப்போகிறது, மீராசாஹிபு சேருக்குத் தெரியும், ஆனால் அவர் நல்ல மனிதர், வெளியே சொல்லமாட்டார். பிறகு வருகிற நவம்பரில் றெக்சன் அந்த மூன்று பெயரையும் துண்டில் எழுதிப் பாதரிடம் கொடுப்பான், கொடுக்கக்கூடிய பிள்ளைதான், கோயிலில் சனங்களுக்கு முன்னால் அவை வாசிக்கப்படும்... காது சுட்டது, வெளியே சோளகக் காற்று கூரைத் தகட்டைக் கிளப்பிப் போட்டது, பிள்ளைகள் இவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுபத்திரா திரையைப் பார்த்தாள். "ஐ டிட் நொட் அண்டர்ஸ்டாண்ட்" என்றாள். இறந்தகால எதிர்மறை வசனத்துக்கு உதாரணமாக எட்டு வருடமாகக் கரும்பலகையில் எழுதி வருகிற வசனம், இன்றுதான் முதல்முறையாகப் பாவிக்கிறாள். பிறகு வகுப்பின் பக்கம் திரும்பி, அதைவிடக் கஷ்டமானதைச் சொன்னாள். "பிள்ளையள், எனக்கு அவ சொன்னது விளங்கேல்லை. நான் பிழையாச் சொல்லிப்போட்டன்."

யாரும் சிரிக்கவில்லை. சிரிப்பார்கள் என்று எவ்வளவு காலம் பயந்து கிடந்தாள்... ஹெலெனா கமராவுக்குக் கிட்ட வந்து ஒரு காகிதத்தில் பெரிய எழுத்தில் எழுதிக் காட்டினாள், எஸ், ஓ, எல், மூன்றே எழுத்து, ஆன்மா என்ற சோலுக்கு நடுவில் ஒரு யூவும் சேர்ந்து நான்கு எழுத்தல்லவா, கண்ணுக்கு வந்ததும் எல்லாம் துலங்கிவிட்டது. செவ்வாயில் ஒரு நாளுக்குப் பெயர் சோல். மூன்று நாள் வேலை கெட்டுப்போனது, அவ்வளவுதான். நாலாம் நாள் ஊர்தி பேசிவிட்டது. "அப்ப ஒருத்தரும் சாகேல்லையோ, ரீச்சர்?" என்றான் றெக்சன். "ஒருத்தரும் சாகேல்லை, ராசா." அவ்வளவுதான், வகுப்பு கைதட்டத் தொடங்கியது, மேசையில் அடித்தார்கள், ஹுசைன் விசிலடித்தான், ஒருபோதும் பிறந்தேயிராத மூன்று பேர் உயிரோடு கரை சேர்ந்துவிட்ட சந்தோசம், ஹெலெனாவுக்கு ஒன்றும் புரியவில்லை, இவள் உடைந்த இங்கிலீஸில் நடந்ததைச் சொன்னாள், பெயர் கேட்டதையும் சொன்னாள், ஹெலெனா சிரிக்க ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திவிட்டாள், றெக்சனைப் பார்த்தாள். பிறகு மிக மெதுவாகச் சொன்னாள், எனக்கும் இங்கிலீஸ் பள்ளிக்கூடத்துப் பாசைதான், வீட்டில் நாங்கள் போர்த்துக்கீசம் பேசுவோம், முதல் வேலையில் ஒரு வருடம் கூட்டங்களில் வாயே திறக்கவில்லை. அட, அப்படியென்றால் அவ்வளவு நேரமும் குழைந்துபோய் வந்தது தன் காதால் மட்டும் இல்லையா?

காற்று ஒரு கைப்பிடி மணலை உள்ளே எறிந்தது. "ஜன்னலைச் சாத்துங்கோ" என்று மீராசாஹிபு சேர் கத்தினார். திரையில் ஹெலெனா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "ஜன்னல்? ஜனெலா?" தன் பின்னால் இருந்த ஜன்னலைக் காட்டினாள். பிறகு யார் வகுப்பைப் பிடிப்பது, றெக்சன் கதிரையைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினான், "கடெய்ரா!" என்றாள் ஹெலெனா, மேசையைத் தட்டினார்கள், "மெசா!", ஜெனிஸ்ரா சப்பாத்தைக் கழற்றியே காட்டிவிட்டாள், "சப்பாத்து!" என்று இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் கூவின, நானூறு வருடத்துக்கு முந்திப் போர்த்துக்கீசக் கப்பலில் வந்து இறங்கிய சொற்கள் இன்று திரும்பிப் போய்க் கதவைத் தட்டியதுபோல ஹெலெனா கன்னத்தில் கைவைத்துக்கொண்டு இருந்தாள். அதற்குப் பிறகு விளங்காத இடத்தில் எல்லாம் சுபத்திரா கையைத் தூக்கினாள், ஹெலெனா திருப்பிச் சொன்னாள், ஊர்தியோடும் இப்படித்தான், செய்தி பாதியில் சிதைந்தால் திருப்பி அனுப்பச் சொல்லிக் கேட்போம், அதற்கு யாரும் கோபிப்பதில்லை என்றாள். செவ்வாயின் நாள் எங்களுடைய நாளைவிட நாற்பது நிமிடம் நீளம் என்றபோது ஹுசைன் தலையில் கைவைத்தான். "அல்லாவே, அப்ப அங்கை ஒரு நாளைக்கு ஒரு பாடம் கூடுதலா!"

மணியடித்துப் பிள்ளைகள் கலைந்த பிறகும் ஒருத்தி போகவில்லை. அனுஜா, இந்தியாவில் மண்டபம் அகதிமுகாமில் பிறந்து நாலு வருடத்துக்கு முந்தித்தான் ஊருக்கு வந்தவள், அந்தப் பக்கத்துத் தமிழும் இந்தப் பக்கத்துத் தமிழும் அவள் வாயில் இன்னும் முழுதாகச் சேரவில்லை, அதனாலேயே அதிகம் பேசமாட்டாள். கொப்பியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மேசைக்குக் கிட்ட வந்தாள். "ரீச்சர், போன தவணை நீங்க நடத்துன பாசிவ் வொய்ஸ் இருக்குல்ல, அது எனக்கு விளங்கவே இல்ல." சுபத்திரா சிரித்துவிட்டாள். "நான் அண்டைக்கே விளங்கினதோ எண்டு கேட்டனான்தானே, பிள்ளை?" கேட்டீங்க, ஓம்னு சொன்னேன் என்றாள். "ஏன் அப்பிடிச் சொன்னனீர்?" அனுஜா கால் பெருவிரலால் சீமெந்தைத் தேய்த்தாள். "எல்லாரும் சொன்னாங்க, ரீச்சர்."

எல்லோரும்... முப்பத்தொரு ஓம், அதில் எத்தனை உண்மையான ஓம், போன வருடத்து வகுப்பில் எத்தனை, எட்டு வருடத்தில்... பாடம் நன்றாகப் போயிற்று என்று நிம்மதியாக பஸ் ஏறிய அத்தனை நாட்களும் எங்கே போய் நிற்கின்றன? ஒன்றே முக்கால் பஸ் இப்போது சந்திக்கு வந்திருக்கும், போகட்டும். கதிரையை இழுத்து அனுஜாவைப் பக்கத்தில் இருத்தினாள், வெண்கட்டியை எடுத்தாள், கரும்பலகையில் ஒரு சின்ன வசனத்தை எழுதினாள், அதைப் பிரித்தாள், மாற்றினாள், மறுபடி எழுதினாள், அனுஜாவின் கண்கள் எழுத்தோடு எழுத்தாக ஓடின, தலை ஆடத் தொடங்கியது. விளங்குதோ என்று கேட்க வாயெடுத்த சுபத்திரா அப்படியே நின்றுவிட்டாள், அந்தச் சொல்லைக் கேட்டால் வரப்போகிற பதில் தெரியும், வேறு எப்படிக் கேட்பது, என்ன சொல்லிக் கேட்டால் ஒரு பிள்ளைக்கு இல்லை என்று சொல்ல வாய் வரும்... வெண்கட்டித் தூள் விரலில் ஒட்டியிருக்க அவள் அதையே யோசித்துக்கொண்டு நின்றாள், அனுஜா இவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தாள்.