குட்டிக்கு ஒரு கொசுவலை

கடையின் நடுவில் இரண்டு இரும்புத் தூண்கள். அவற்றுக்கு நடுவே, காட்டில் மரத்துக்கு மரம் கட்டிப் படுக்கும் துணித்தொட்டில் ஒன்று தொங்கியது. ஹேமக் என்று அட்டையில் எழுதியிருந்தது. வந்தவர் அதன் கயிற்றைப் பிடித்து, துணி பலகை மாதிரி விறைக்கும்வரை இழுத்துக் கட்டினார்.

“சார், அதுல ஆள்தான் படுக்கணும். லிஃப்ட் ஓடாது,” என்றாள் விற்பனைப் பெண். அவர் சட்டைப்பையில் தைத்திருந்த லிஃப்ட் கம்பெனிப் பெயரைப் படித்துவிட்டாள்.

“பழக்கம்மா. தொய்வா எதைப் பார்த்தாலும் கை சும்மா இருக்காது.”

“இது தொய்வா இருந்தாத்தான் சுகம். கொஞ்சம் குறுக்கால படுத்தா முதுகும் வளையாது. யாருக்கு, உங்களுக்கா?”

“என் பொண்ணுக்கு. அவளைக் கொசு கடிச்சா முகமே வீங்கிடும்.”

மூன்று வருடம் முன்பு அவரும் மகளும் ஏரிக்கரையில் கூடாரம் போட்டிருந்தார்கள். ஜிப்பில் இருந்த சின்ன ஓட்டை வழியாக ஊர்க்கொசு எல்லாம் உள்ளே வந்து விருந்து சாப்பிட்டது. சோறு வேகுமுன்பே மகள் தன் அம்மாவுக்கு போன் போட்டுவிட்டாள். அம்மா காரோடு வந்தாள். அதோடு சரி. பிறகு தாயும் மகளும் வேறு ஊருக்குக் குடிபோய்விட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் திரையில் மகளின் முகம் மட்டும் வரும்.

இந்தச் சனிக்கிழமை அவள் அம்மாவுக்கு இந்த ஊரில் அலுவலக வேலை. “கொசு கடிக்காதுன்னா ஒரு ராத்திரி உன்கூடத் தங்கறேம்பா,” என்று மகள் சொல்லியிருந்தாள். அந்த ஒரு ராத்திரிக்காகத்தான் அவர் கடையேறினார்.

விற்பனைப் பெண் இரண்டு வகை காட்டினாள். ஒன்று, வலையோடு சேர்த்தே தைத்தது. கீழிருந்து கடிக்காதபடி அடியில் இரட்டைத் துணி. இன்னொன்றில் வலை தனி. தலையணைக்கு உறை போடுவதுபோல ஹேமக்கையே உள்ளே விட்டு, இரண்டு பக்கமும் சுருக்குக் கயிற்றை இழுத்துக்கொள்ள வேண்டும்.

“தனி வலை வாங்கினா எந்த சைஸுக்கும் மாட்டிக்கலாம் சார். நான் சொல்றது அதைத்தான்.”

அவர் தலையாட்டவில்லை. இரண்டு துண்டு சேரும் இடத்தில்தான் பழுது வரும் என்பது அவர் தொழிலில் கண்டது. “தைச்சதே குடும்மா. எனக்கு ஒண்ணு வலை இல்லாம. என்னைப் பார்த்தா கொசுவே ஒதுங்கிப் போயிடும்.”

“தைச்சதுல நீளம் பார்த்து எடுக்கணும். பொண்ணு என்ன உயரம்?”

அவர் கை தானாக மேலே போய், மார்புக்கு நேரே நின்றது. “இவ்ளோ இருப்பா.”

அவள் தைத்ததில் சின்ன சைஸையும் வலையில்லாத ஒன்றையும் எடுத்துப் பையில் போட்டாள்.

சனிக்கிழமை பிற்பகல் வாசல் மணி அடித்தது. கதவைத் திறந்தவர், மார்புக்கு நேரே பார்த்துக்கொண்டிருந்த கண்ணை நிமிர்த்த வேண்டியிருந்தது. அவர் காதுவரை வளர்ந்த ஒருத்தி முதுகில் பையோடு நின்றாள்.

“என்னப்பா, யாரோன்னு நினைச்சியா?”

“உள்ள வா, குட்டி,” என்றார். கூப்பிட்ட பிறகு அந்தப் பெயர் அவளுக்குப் பொருந்தவில்லை என்று அவருக்கே பட்டது.

ஜன்னல் கம்பிக்கும் சுவர்க் கொக்கிக்கும் நடுவே ஹேமக்கை முதல் நாளே கட்டி வைத்திருந்தார், தொய்வாகவே.

“இந்த வயசுல என்னைத் தொட்டில்ல போடப் பார்க்கறியா? தாலாட்டும் உண்டா?” என்று சிரித்துக்கொண்டே ஏறிப் படுத்தாள். ஜிப்பை இழுத்தாள். முழங்கால் வலையை முட்டியது. குறுக்கே திரும்பினாள், குதிகால் முட்டியது. வலையில் தோல் ஒட்டினால் கொசுவுக்கு அது போதும்.

“முட்டியை மடக்கிக்கறேம்பா. நல்லாதான் இருக்கு.”

“ராத்திரி முழுக்க மடக்க முடியாது.”

கடைக்கு போன் செய்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. சனிக்கிழமை கடை அரைநாள்தான் என்பது அப்போதுதான் நினைவு வந்தது. கத்தரிக்கோலை எடுத்தார். “வலையைப் பிரிச்சு என்னோடதுல தைச்சுடட்டுமா?”

“வேணாம்பா. அடுத்த தடவை தங்கறேன்.” வலைக்குள்ளேயே போனைப் பார்த்தாள். “அம்மாவுக்கு வேலை முடிஞ்சிடுச்சாம். இப்பவே கிளம்பறாங்களாம்.”

கட்டிலை உனக்குத் தருகிறேன், இங்கேயே தங்கு என்று சொல்ல அவருக்கு வாய் வரைக்கும் வந்தது. அவள் ஜிப்பைத் திறந்து ஒரு காலைக் கீழே ஊன்றிவிட்டாள்.

“சரி. அம்மாவைக் காக்க வைக்காதே,” என்றார்.

லிஃப்ட்டில் கூடவே இறங்கினார். கதவின் உள்பக்கக் கண்ணாடியில் இருவரும் அருகருகே தெரிந்தார்கள். அவள் போனைப் பார்த்தாள். அவர் கண்ணாடியைப் பார்த்தார். அத்தனை மாடிக்கும் அந்த லிஃப்ட் கொஞ்சம் மெதுவாகப் போயிருக்கலாம்.

திங்கட்கிழமை வேலைக்குப் போகும் வழியில் கடையில் நின்றார். சின்ன ஹேமக்கை மடித்து மேஜைமேல் வைத்தார்.

“சின்னதாப் போச்சா?” என்றாள் விற்பனைப் பெண்.

“ஆமா. நீ சொன்ன தனி வலையே குடு. ஹேமக் பெருசா ஒண்ணு.”

“இப்பவாவது சரியா சொல்லுங்க. என்ன உயரம்?”

அவர் கை காதுக்கு நேரே போனது. அங்கே கொஞ்சம் நின்றது. பிறகு இன்னும் சற்று மேலே, தலைக்கு மேல் ஏறியது.

“உங்களைவிட உயரமா சார்?”

“இப்ப இல்ல,” என்றார். “மறுபடி வரும்போது.”