அந்துருண்டை வாசம்

"இப்பல்லாம் மேலதிகாரி வந்தாத்தான் எவனும் மனுசனா மாறுறான்" என்று முணுமுணுத்தபடி, மனைவியின் காலடியில் சிவப்புக் கம்பளியை இழுத்துச் செருகினார் அரியமுத்து.

ரஞ்சன்குடியிலிருந்து இந்த ஆஸ்பத்திரிக்கு வண்டி கட்டி வந்த நாள் முதலே சுந்தராம்பாள் குளிர்க்காய்ச்சலில் உதறிக்கொண்டு கிடந்தாள். கம்பளி கேட்டால் கம்பவுண்டரிடம் ஒரே பதில்தான்: "எல்லாம் பட்டாளத்துக்குப் போயிடுச்சு பெரியவரே. சண்டை முடியட்டும்." இன்று ஆடிட்டர் வருகிறார் என்றதும் ஸ்டோர் ரூம் திறந்தது. கட்டிலுக்கு ஒன்று. மடிப்புக்கூடக் கலையவில்லை. அந்துருண்டை நெடி மூக்கில் ஏறியது.

பக்கத்துக் கட்டிலில் தாய்க்குத் துணையிருந்த மதுரைவீரன் சிரித்தான். "நல்லாப் போத்திவுடு மாமா. அவுரு கெளம்புனதும் உருவிருவானுவ. போன வருசமும் இதே கூத்துதான்."

கணக்குப் பார்க்க வருகிற எவனையும் அரியமுத்து நம்பியதில்லை. இன்றைக்கோ, அந்த ஆள் எண்ணி முடிக்காமலே கிடக்கட்டும் என்றிருந்தது. மருந்தறையில் ஆடிட்டர் பாட்டில்களை எண்ணி எடுத்து வைக்கும் சத்தம் கேட்கிறவரை கம்பளி இருக்கும்.

"ஏங்க, இப்பக் கதகதன்னு இருக்கு" என்றாள் சுந்தராம்பாள்.

"பேசாமப் படு."

எண்ணுவதை நடுவில் நிறுத்திவிட்டு ஆடிட்டர் வார்டுக்குள் வந்தார். முதுகுக்குப் பின்னால் கம்பவுண்டர்.

"பெரியவரே, இது எப்பக் குடுத்தாங்க?"

கம்பவுண்டர் அரியமுத்துவையே பார்த்தார். இந்த ஆடிட்டர் போய்விடுவான். கம்பவுண்டர் இங்கேயே இருப்பார்.

"வந்த அன்னிக்கே குடுத்துட்டாங்க."

ஆடிட்டர் தலையாட்டிவிட்டு மருந்தறைக்கே திரும்பினார். மடிப்பு தெரியவில்லையா இவனுக்கு, கண்ணு எதுக்கு இருக்கு என்று நினைத்துக்கொண்டார் அரியமுத்து.

உச்சிப்பொழுதில் பாட்டில் சத்தம் நின்றது. வார்டுக் கடைசியிலிருந்து தோட்டி ஒவ்வொரு கட்டிலாகக் கம்பளியை உருவிக்கொண்டு வந்தான். அரியமுத்து அவசரமாக ஓரத்தைச் செருகப் போனார். கையில் பட்ட கால் சில்லென்றிருந்தது. உதறல் இல்லை. ஓரத்தைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"வுடுங்க பெரியவரே, நேரமாவுது" என்று கம்பளியைப் பிடித்த தோட்டி, அவள் முகத்தைப் பார்த்ததும் கையை எடுத்துக்கொண்டான்.

அரியமுத்துவே அதை எடுத்தார். பழைய மடிப்பிலேயே மடித்தார். வராந்தாவில் பையை மூடிக்கொண்டிருந்த ஆடிட்டர் முன்னால் மேசையில் வைத்தார்.

"இது இன்னிக்குக் காலையிலதான் குடுத்தது."

"அப்பவே கேட்டனே? ஏன் சொல்லல?"

"அப்ப அவ உசுரோட இருந்தா."

கம்பவுண்டர் சுவரைப் பார்த்தார். ஆடிட்டர் பேனாவின் மூடியைத் திறந்தார். "நான் எழுதுறேன். இதைச் சும்மா விடமாட்டேன்."

"எழுதுங்க. அடுத்த தபா சொல்லாம வாங்க."

"முன்கூட்டித் தெரிவிச்சிட்டுத்தான் வரணும். அது ரூல் பெரியவரே."

அரியமுத்து அவர் முகத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு திரும்பி நடந்தார்.

வண்டியில் அவளைக் கிடத்தித் தன் துண்டால் போர்த்தினார். முகத்தை மூடினால் கால் வெளியே தெரிந்தது. துண்டைக் கீழே இழுத்துக் காலுக்கு விட்டார்.