ஹெங் படிக்க வைக்கும் பெண்

சந்தபுரியில் யாருக்கு என்ன சம்பளம் என்று தெரிய வேண்டுமானால் எந்த ஆபீஸுக்கும் போக வேண்டாம், லம்யாயைக் கேட்டால் போதும். மகள் க்வான் தோட்டக்கலை டிகிரி படிக்கப் போவதாகச் சொன்னதிலிருந்து அவள் ஏறி இறங்காத வீடு எங்கள் தெருவில் கிடையாது. எலுமிச்சம்பழம் கடன் கேட்கிற சாக்கில் உள்ளே நுழைவாள், பையனுக்குக் கையில் எவ்வளவு வருகிறது என்று நேராகவே கேட்டுவிடுவாள். எங்கள் ஊரில் அதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. கூசாமல் ஒரு பொய்யைச் சொல்லி அனுப்பிவிடுவார்கள், அவ்வளவுதான்.

பொய்களையெல்லாம் கழித்துப் பார்த்ததில் விஷயம் தெளிவாகவே இருந்தது. பாங்காக்கில் அறை வாடகையோடு சேர்த்து, படிப்பு முடிய நான்கு லட்சம் பாட் பணத்துக்கு மேல் போகும். முடித்துவிட்டு வந்தால் உரக் கம்பெனியில் மாதம் பதினெட்டாயிரம் கொடுப்பார்கள். பள்ளிக்கூடத்துப் பக்கம் போகாமல் மரமேறித் துரியன் பழம் வெட்டுகிறவனோ சீசனில் ஒரு வாரத்திலேயே அதைச் சம்பாதித்துவிடுகிறான்.

இதை அவள் கணவன் சங்குவானிடம் சொல்லிப் புலம்பியபோது அவன் சோற்றிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அப்ப அவளுக்கு ஒரு கத்திய வாங்கிக் குடுத்து மரத்துல ஏத்திவிடு," என்றான்.

க்வானுக்குச் சம்பளக் கணக்கே காதில் ஏறவில்லை. போன மழைக்காலத்தில் அவர்கள் தோட்டத்தில் பாதி மரங்கள் வேர் அழுகிச் செத்திருந்தன. ஆளாளுக்கு ஒரு மருந்து சொன்னார்களே தவிர, ஏன் செத்தன என்று ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. மிச்ச மரங்களாவது பிழைக்க வேண்டாமா என்பதுதான் அவள் கேள்வி. நியாயமான கேள்விதான். ஆனால் பாதித் தோட்டம் போன வீட்டில் நான்கு லட்சத்துக்கு எங்கே போவது?

அந்த நேரம் பார்த்துத்தான் ஹெங் வந்தார். துரியனைப் பெட்டி போட்டுச் சீனாவுக்கு அனுப்புகிற ஷெட்டின் முதலாளி. மிச்ச மரங்களின் காய்களை ஒட்டுமொத்த விலை பேசி முடித்தவர், கிளம்பும்போது ஏதோ மறந்துபோனதைப் போல, க்வானின் முழுப் படிப்புச் செலவையும் தானே ஏற்றுக்கொள்வதாகச் சொன்னார். முடித்ததும் அவள் ஷெட்டுக்கு வந்து, காய் முற்றியதென்று எழுதும் சீட்டில் கையெழுத்துப் போட வேண்டும். அந்தச் சீட்டுக்கு டிகிரிக்காரர் கையெழுத்துதான் செல்லும். சம்பளம் முப்பதாயிரம்.

சங்குவான் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டான். லம்யாய்க்கும் சந்தோஷம்தான். ஆனால் ஒன்றைக் கேட்காமல் விட்டால் அவளுக்குத் தூக்கம் வராது. ஹெங்கிடம் ஏற்கெனவே ஒரு டிகிரிக்காரன் இருந்தானே, பின் தெருவில் சைபினுடைய மகன் தெப், அவனுக்கு என்ன ஆயிற்று?

மறுநாள் எலுமிச்சம்பழம் கேட்கிற சாக்கில் பின் தெருவுக்குப் போனாள். சைபின் வாசற்கதவைப் பாதிதான் திறந்தாள்.

"தெப் சௌக்கியமா, அக்கா?"

"ஊர்ல இல்ல."

"புது வேலையா? என்ன குடுக்கறாங்க?"

சைபின் தெருவை எட்டிப் பார்த்துக் குரலைத் தணித்தாள். "ஒரு லோடு சீனாவுக்குப் போய்ப் பிஞ்சுன்னு திரும்பிடுச்சு. கேஸ் போட்டாங்க. காய் வெட்டினவன் மேல இல்ல, அத வித்தவன் மேலயும் இல்ல. சீட்டுல இருந்தது எம்புள்ள கையெழுத்து ஒண்ணுதான்." உள்ளே போய் இரண்டு எலுமிச்சம்பழத்தை எடுத்து வந்து அவள் கையில் வைத்தாள். "அவனையும் ஹெங்தான் படிக்க வச்சாரு," என்று கதவைச் சாத்திக்கொண்டாள்.

லம்யாய் இதை வீட்டில் சொன்னாள். பாதியை விழுங்கிவிட்டுத்தான் சொன்னாள். தெப் சின்ன வயதிலிருந்தே அசடு, நம் பெண் அப்படியா என்றான் சங்குவான். அவளுக்கும் யோசிக்க யோசிக்க அது சரியாகவே பட்டது. தெருவில் இருக்கிற ஒவ்வொரு பிள்ளையின் அசட்டுத்தனமும் அவளுக்கு மனப்பாடம் அல்லவா?

அந்த வாரமே வெட்டுகிற ஆட்கள் வந்துவிட்டார்கள். எங்கள் பக்கம் துரியன் பூக்கும்போதே ஒவ்வொரு தடவைப் பூவுக்கும் ஒரு நிறக் கயிறு கட்டிவிடுவோம். முதலில் பூத்தது சிவப்பு, பின்னால் பூத்தது பச்சை. சிவப்பு முற்றியிருந்தது. பச்சைக்கு இன்னும் மூன்று வாரமாவது வேண்டும். மேலே இருந்தவன் இரண்டையும் வெட்டிப் போட்டான், கீழே நின்றவன் சாக்கால் ஏந்திக்கொண்டே இருந்தான்.

க்வான் ஓடிப்போய்க் கூடையிலிருந்து ஒரு காயை எடுத்தாள். "மாமா, இது பச்சைக் கயிறு. இன்னும் உள்ள சுளை கூடக் கட்டியிருக்காது."

மரத்தடியில் நாற்காலி போட்டிருந்த ஹெங்குக்குக் கோபம் வரவில்லை. சிரித்தார். "விலை இப்பத்தாம்மா உச்சத்துல இருக்கு. மூணு வாரம் போனா எல்லாத் தோட்டமும் சந்தைக்கு வந்துடும்." பிறகு அவளைப் பக்கத்தில் கூப்பிட்டார். "எங்க, நல்லாப் பாத்துச் சொல்லு. என்ன நிறம்?"

சங்குவான் கூடைகளை எண்ணுவதில் மும்முரமானான். க்வான் அம்மாவைப் பார்த்தாள். எதையும் வாய்விட்டே கேட்டுப் பழகிய லம்யாய் மகளின் கண்ணைப் பார்த்தபடி, அவர் விருப்பப்படியே சொல்லிவிடு என்பதுபோல் மெல்லத் தலையை மட்டும் ஆட்டினாள்.

"சிவப்பு," என்றாள் க்வான்.

ஆட்கள் சிரித்தார்கள். ஹெங்கும் சிரித்துவிட்டு, காயை வாங்கிச் சிவப்புக் கயிற்றுக் கூடையில் போட்டார்.

"கெட்டிக்காரி. சரி, நாளைக்கு ஒரு ஆபீசர் வந்து கேக்கறார்னு வச்சுக்கோ. பக்கத்துல நானும் இல்ல, உங்கம்மாவும் இல்ல. என்ன சொல்லுவே?"

"சிவப்புதான், மாமா."

இந்தத் தடவை அவள் அம்மாவைப் பார்க்கவில்லை.