ஞாயிற்றுக்கிழமைச் சங்கு

நஞ்சம்மா செத்தும் சும்மா இருக்கவில்லை. கருமாதி அன்று ஒரு காக்காயையும் கிட்டே வரவிடாமல் அடம்பிடித்தாள்.

தப்பு குடும்பத்தின் பேரில்தான். முறைப்படி காரியம் வெள்ளிக்கிழமை வந்தது. மகன் திம்மப்பனுக்குப் பக்கத்து பம்ப் கம்பெனியில் மெயின்டனன்ஸ் வேலை, பேத்தி காவியாவுக்கு அங்கேயே அசெம்பிளி லைன். சொந்தக்காரர்களில் பாதி ஓசூர் கம்பெனி, மீதி போச்சம்பள்ளி கம்பெனி. யாருக்கும் லீவு கிடைக்கவில்லை. கிழவிதானே, பொறுத்துக்கொள்ளட்டும் என்று ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிவைத்தார்கள். நஞ்சம்மா எந்தக் காலத்தில் பொறுத்திருக்கிறாள்?

கம்பெனி மதில்மேல் இலை விரித்து ராகிக் களி, கருவாட்டுக் குழம்பு, வெற்றிலை எல்லாம் வைத்தாயிற்று. ‘கா கா’ என்று கத்திக் கத்தித் திம்மப்பனுக்குத் தொண்டை கட்டிப்போயிற்று. வேப்பமரத்தில் கூட்டமாக உட்கார்ந்திருந்த காக்காய்கள் இறக்கையைக் கோதிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தன. நஞ்சம்மா மாட்டைத் தெலுங்கில் திட்டுவாள், மகனைத் தமிழில் திட்டுவாள், சாமியைக் கன்னடத்தில் திட்டுவாள். ஆகையால் சொந்தபந்தங்கள் மூன்று பாஷையிலும் கெஞ்சிப் பார்த்தார்கள். பலிக்கவில்லை.

“அம்மாவுக்கு என்னமோ மனக்கொறை அண்ணா,” என்றாள் திம்மப்பனின் தங்கை ஜோதியம்மாள்.

“அது வாய் வைக்காம நான் பச்சத் தண்ணி குடிக்கமாட்டன்,” என்றார் திம்மப்பன்.

அவருக்குச் சர்க்கரை நோய். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. அம்மா செத்ததிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத மனுஷன் அவர். காவியாவுக்கு அப்பாவைப் பார்க்கப் பார்க்கப் பயம் வந்தது. அவ்வா என்று அவள் கூப்பிடும் பாட்டி போன துக்கமே இன்னும் ஆறவில்லை, அதற்குள் இவரும் விழுந்துவைத்தால்?

அவ்வா சாப்பிடும் அழகு அவளுக்கு நினைவுக்கு வந்தது. கம்பெனிக்கு நிலத்தைக் கொடுத்தபோது நஞ்சம்மாவின் புளியமரம் நின்ற இடத்தில்தான் கம்பெனி சைரனான சங்குக்குக் கம்பம் நட்டார்கள். அன்றிலிருந்து சங்கு அவளுடையதாகிவிட்டது. மத்தியானச் சங்கு ஊதாமல் களியில் கை வைக்கமாட்டாள். ஊதி முடிக்கும் நேரம் பார்த்து, வீட்டு வேலைக்காரனிடம் சொல்வதுபோல “போதும்டா!” என்பாள். சங்கு நின்றுவிடும். காவியா பள்ளிக்கூடம் போகிற வயதுவரைக்கும் அவ்வா சொல்லித்தான் அது நிற்கிறது என்று நம்பினாள்.

“அது டைமரும்மா. நான்தான் செட் பண்றன்,” என்பார் திம்மப்பன்.

“ஒன்னையே நான்தான்டா செட் பண்ணன்,” என்பாள் நஞ்சம்மா. ஒருநாள் கரண்டு போய் சங்கு ஊதவில்லை. கிழவி கம்பெனி கேட்டுக்குப் போய் செக்யூரிட்டி முத்துமணியைச் சட்டையைப் பிடித்து உலுக்கிவிட்டு, சாயங்காலம்வரை பட்டினி கிடந்தாள்.

சட்டென்று காவியாவுக்கு உறைத்தது. அவ்வாவுக்கு மட்டுமா? இந்தக் காக்காய்களுக்கும் அதே பழக்கம்தான். மத்தியானச் சங்கு ஊதியதும் கேன்டீன் முற்றத்துக்குப் பறந்து வரும். அதற்கு முன்னால் சோற்றையே கொட்டினாலும் திரும்பிப் பார்க்காது. இன்றைக்கு ஞாயிறு. சங்கு இல்லை.

அவள் கேட்டுக்கு ஓடினாள்.

“முத்துமணி அண்ணா, சங்கு ஊதுங்க.”

“வெளையாடுதியா? லீவு நாள்ல ஊதினா தீப்பிடிச்சிருக்குன்னுல்லா அர்த்தம்! என் சீட்டு கிழிஞ்சிரும்.” முத்துமணி திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்.

“அவ்வா இன்னும் சாப்பிடல அண்ணா. அப்பாவும் சாப்பிடல.”

முத்துமணி தன்னையறியாமல் சட்டைக் காலரைத் தடவிக்கொண்டார். “ஆச்சி இன்னுமா சாப்பிடல?” என்று ஸ்விட்சைப் போட்டார்.

சங்கு அலறியது. பக்கத்து லைன் வீடுகளில் வாடகைக்கு இருந்த தொழிலாளிகள் தீப் பயிற்சியில் படித்தபடி, எல்லோரும் கூடவேண்டிய இடமான அசெம்பிளி பாயின்ட்டுக்கு ஓடிவந்தார்கள். அந்த இடத்தைக் காட்டும் பச்சைப் பலகை நட்டிருந்தது சரியாக நஞ்சம்மாவின் இலைக்குக் கீழே. பாதி முகத்தில் சோப்பு நுரையோடு ஒருவர், கையில் கரண்டியோடு ஒருவர். சேஃப்டி ஆபீசர் ராஜேஷ்குமார் லுங்கியும் ஹெல்மெட்டுமாக வந்து எல்லோரையும் வரிசையில் நிறுத்தினார்.

“எங்க தீ?”

“தீ இல்ல சார். எங்க அவ்வா சாப்பிடல,” என்றாள் மூச்சிரைக்க வீட்டுப் பக்கம் திரும்பி வந்த காவியா.

வரிசையில் நின்றவர்கள் நஞ்சம்மாவிடம் திட்டு வாங்கியவர்கள். இது அவசரம்தான் என்பதுபோல் தலையாட்டினார்கள். ராஜேஷ்குமார் வாயைத் திறக்குமுன் வேப்பமரம் மொத்தமும் எழும்பிப் பறந்தது. காக்காய்கள் இலையில் விழுந்தன. களி போயிற்று, கருவாடு போயிற்று. ஒன்று வெற்றிலையையும் கவ்விக்கொண்டு போனது. ஜோதியம்மாள் கையெடுத்துக் கும்பிட்டாள்.

காவியா அப்பாவின் முன் இலையைப் போட்டாள். “சாப்புடுப்பா.”

திம்மப்பன் களியைத் தொட்டார். கை வாய்க்குப் போகவில்லை. சங்கு இன்னும் ஊதிக்கொண்டிருந்தது.

“நிறுத்தச் சொல்லு.”

நிற்கவில்லை. கேட்டில் முத்துமணி எவ்வளவு அழுத்தியும் அசையாமல் ஸ்விட்ச் மாட்டிக்கொண்டுவிட்டது. “மேனுவல்ல போட்டா தானா நிக்காது காவியா. டைமர் இல்ல,” என்றார் திம்மப்பன். அவர் உதடு கோணியது. சங்கு அழுவதை அவரால் தாங்க முடியவில்லை. எழுந்து நின்றார். நிலத்தை விற்றபோதும், அம்மாவைத் தூக்கியபோதும் வாயைத் திறக்காத மனுஷன், கம்பத்தைப் பார்த்து அடிவயிற்றிலிருந்து கத்தினார்.

“போதும்டா!”

சங்கு நின்றது.

 திம்மப்பன் காவியாவைப் பார்த்தார். “கேட்டிருச்சு,” என்றார். பிறகு இலைமுன் உட்கார்ந்து, சின்னப் பிள்ளைபோல ஓவென்று அழுதுகொண்டே களியை உருட்டி உருட்டி விழுங்கினார்.

மதிலுக்கு அந்தப்பக்கம் முத்துமணி நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு நின்றார். பிடுங்கிய ஃபியூஸ் அவர் கையில் இருந்தது. காவியா அதைப் பார்த்தாள். உள்ளே வைத்துக்கொள்ளுங்கள் என்று கண்ணைக் காட்டினாள். முத்துமணி அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

காவியா அப்பாவுக்கு இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினாள்.