திருவான்மியூர் கிளைக்கு எழுதினால் திரும்பி வருகிறது

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். அன்றைக்கு லிஃப்ட் வேறு ஓடவில்லை. தி. நகரில் அண்ணன் தம்பி சேர்ந்து நடத்தும் ஜவுளிக்கடை அது. அண்ணன் இசக்கிமுத்து கீழே கல்லாவில் இருப்பார். தம்பி சுரேஷ்குமார் நான்காவது மாடியில். நான் வேலை பார்க்கும் கம்ப்யூட்டர் நடுவில், இரண்டாவது மாடியில்.

கடையின் மெயில் வேலை என் பொறுப்பு. அடுத்த வாரம் திருவான்மியூரில் கிளை திறக்கிறார்கள். கிளைக்கென்று ஒரு புது மெயில் முகவரியைத் துணிப்பையில்கூட அச்சடித்துவிட்டார்கள். ஆனால் யார் எழுதினாலும் சேரவில்லை என்று திரும்பிப் போகிறது. காஞ்சிபுரத்திலிருந்து பட்டு அனுப்புகிறவர் போனில் கத்தியிருக்கிறார்.

காரணம் சீக்கிரமே தெரிந்தது. வெளியிலிருந்து வரும் மெயிலை ஸ்பாம் ஃபில்டர் முதலில் வாங்கிச் சலித்து, நல்லதைக் கடையின் சர்வருக்கு அனுப்பும். சர்வரில் இந்தப் புது முகவரி யார் பெயரிலும் இல்லை. 'எனக்குத் தெரியாது, வெளியே கேள்' என்று அது ஃபில்டரிடமே தள்ளிவிடும். 'இது உன் கடை முகவரிதானே' என்று ஃபில்டர் மறுபடி சர்வருக்கே தள்ளும். இப்படிச் சுற்றிச் சுற்றி அலுத்து, கடைசியில் எழுதியவருக்கே போய்விடும். இது யாருடைய முகவரி என்று ஒரு பெயர் போட்டால் சரியாகிவிடும்.

இறங்கிப் போனேன். "கிளைக்கு மேனேஜர் யாரு அண்ணாச்சி? பேர் சொன்னா போட்டுடுவேன்."

"அது தம்பி பாக்குற விஷயம்மா. அவன்கிட்ட கேட்டுக்கோங்க."

நான்கு மாடி ஏறினேன். "அண்ணன் இருக்கறப்ப நான் எப்படி மேடம் சொல்றது?" என்றார் சுரேஷ்குமார். "அவர் ஒரு வார்த்தை சொல்லிட்டா எனக்கு ஓகே."

மறுபடி இறங்கினேன். "அவன் மனசுல என்ன இருக்குன்னு தெரியாம நான் சொன்னா நல்லாவா இருக்கும்?" என்றார் அண்ணன். மறுபடி ஏறும்போது, பாதி வழியில் மூச்சு வாங்க நின்றபோதுதான் உறைத்தது. அந்த மெயிலின் கதி எனக்கும் வந்துவிட்டது. சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது.

நின்ற இடம் பட்டுப் பிரிவு. அதைப் பார்த்துக்கொள்ளும் தங்கபுஷ்பம் கல்யாணத்துக்கு முன்பிருந்தே இங்கே வேலை செய்கிறார். புதுக் கிளைக்கு அலமாரி அளவு சொன்னதும், விற்பனைக்குப் பெண்களைத் தேர்ந்தெடுத்ததும் அவர்தான். மேனேஜர் வேலையை இரண்டு முதலாளிகளிடமும் கேட்டும்விட்டார். "பாப்போம்" என்றாராம் பெரியவர். "அண்ணன்கிட்ட பேசுறேன்" என்றாராம் சின்னவர். இதற்குள் பெரியவரின் மச்சினன் மகன் வரப்போகிறான் என்று கடையில் பேச்சு.

"அந்தப் பையன் வந்தா நான்தான் எல்லாம் சொல்லிக் குடுக்கணும் ஷண்முகப்ரியா மேடம். அப்புறம் நான் திரும்ப இங்கயேதான்" என்றார், புடவையை மடித்தபடி.

நானே அவர் பெயரைப் போட்டுவிடலாம். ஆனால் நாளைக்குப் பழி அவர் தலையில்தான் விழும்.

"நீங்களே சொல்லுங்க. இந்த அட்ரஸ் யாருது?"

மடித்த புடவையைப் பிரித்து மறுபடி மடித்தார். இந்தக் கேள்வியை இதுவரை அவரிடம் யாருமே கேட்டதில்லை.

"என்னுது. என் பேர்ல போடுங்க மேடம்."

போட்டேன். காஞ்சிபுரத்துக்காரரிடம் மெயிலைத் திரும்ப அனுப்பச் சொன்னோம், நேராக வந்து சேர்ந்தது. தங்கபுஷ்பம் நின்றபடியே பதில் தட்டினார். கீழே தன் பெயர், அதற்கும் கீழே 'கிளை மேலாளர்'. முதலாளிகள் இருவருக்கும் ஒரு நகல்.

கொஞ்ச நேரத்தில் பெரியவர் மேலே ஏறி வந்தார், சின்னவர் கீழே இறங்கி வந்தார்.

"நீ சொல்லிட்டியாடே?"

"நீங்க சொல்லியிருப்பீங்கன்னு நெனச்சேன்ணே."

நான் வாயைத் திறப்பதற்குள் தங்கபுஷ்பம் முந்திக்கொண்டார். "ரெண்டு பேரும் சொல்லல அண்ணாச்சி. நான்தான் சொன்னேன்." அவர் தலையைக் குனியவில்லை.

அண்ணன் தம்பியைப் பார்த்தார். தம்பி அண்ணனைப் பார்த்தார். கூடாது என்று சொல்வதற்கும் இருவரில் ஒருவர் முதலில் பேசியாக வேண்டும். இருவரும் பேசவில்லை.