சாமிக்கண்ணு ஆட்டிய வடை

விருத்தாசலத்தில் பீங்கான் சூளைகளுக்கு எதிரே இருந்த டீக்கடையில் அன்றும் கூட்டம். டீ குடிக்க வந்த கூட்டமல்ல. ராஜாங்கத்தை வேடிக்கை பார்க்க வந்த கூட்டம்.

"வடை வேணும்னு சொல்லு மச்சான். சொன்னா உனக்கு, சொல்லலன்னா நாய்க்கு" என்று சாமிக்கண்ணு ஒரு வடையை அவன் மூக்குக்கு நேரே ஆட்டினான்.

ராஜாங்கத்தின் உதடுகள் குவிந்தன, பிரிந்தன. எங்கே போய்த் தொடுவது என்று தெரியாமல் நாக்கு வாய்க்குள் தடுமாறியது. "ப... த... தவ..." எச்சில் தாடையில் வழிந்தது. உடனே ஒருவன் அதேபோல வாயைக் கோணி எச்சில் ஒழுக நடித்துக் காட்டினான். பெஞ்சில் இருந்தவர்கள் தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தார்கள். வெற்றிலைச் சாறும் மென்ற வடையும் தெரிய வாய் பிளந்த அந்தச் சிரிப்பு, பார்ப்பவருக்குக் குமட்டலை வரவழைக்கும். இவர்கள் எல்லோரும் வெள்ளிக்கிழமை தவறாமல் பழமலைநாதர் கோயிலில் திருநீறு பூசிக்கொள்கிறவர்கள்தான்.

ராஜாங்கமும் சாமிக்கண்ணும் ஒரே ஷெட்டில் பீங்கான் ஜாடிகளை வைக்கோல் சுற்றிக் கட்டி லாரியில் ஏற்றியவர்கள். எழுபத்திரண்டாம் வருஷம் மாசி மாதம் லாரியிலிருந்து சரிந்த மரப்பெட்டி ராஜாங்கத்தின் தலையில் விழுந்தது. காயம் ஆறிவிட்டது. பேச்சு மட்டும் திரும்பவில்லை.

கடைக்காரர் கழுவிய கிளாஸ்களை வரிசையாக வைத்தார். ராஜாங்கத்தின் பார்வை அவற்றின் மேல் போனது. ஜாடி எண்ணும் ராகம் தானாகக் கிளம்பியது.

"லாபம்... ரெண்டேய்... மூணேய்... நாலேய்..."

முதல் எண்ணை ஒன்று என்று சொல்லாமல், மங்களமாக லாபம் என்று தொடங்குவது ஷெட்டு வழக்கம். ஒவ்வொரு சொல்லும் பிசிறில்லாமல் வந்தது.

"எண்ண வருது, வடை கேக்க வரலியா? நடிக்கிறான்டா!" என்றான் ஒருவன்.

"நடிப்பு இல்ல. உள்ள எதுவோ பூந்துக்கிட்டு பேச வுடாம பண்ணுது" என்றான் சாமிக்கண்ணு. அன்று மாலையே ராஜாங்கத்தின் அண்ணன் மாணிக்கவேலிடம் போய் அதைச் சொல்லியும் விட்டான். வருகிற வெள்ளிக்கிழமை பூசாரியை அழைத்து நாக்கில் சூடு போடுவது என்று முடிவானது.

ராஜாங்கத்தின் மனைவி கமலம் பதறிப்போய் மாணிக்கவேலிடம் ஓடினாள்.

"மாமா, பாண்டிச்சேரி டாக்டரு சொன்னத நீங்களும்தான கேட்டீங்க? நாக்குல ஒரு கோளாறும் இல்ல. நாம பேசறது அத்தனையும் அவருக்குப் புரியுது. எந்த வார்த்தைக்கு வாயை எப்படி அசைக்கணும்னு மூளை போடற உத்தரவுதான் சரியா வந்து சேரல. பழகிப்போன பாட்டும் எண்ணிக்கையும் தானா வந்துடுமாம். அதைப் புடிச்சிக்கிட்டு தெனமும் பழக்குனா மூளை புது வழி போட்டுக்குமாம்."

"டாக்டருக்குப் பேயப் பத்தி என்னா தெரியும்?"

"அவரு நாக்குல சூடு வெச்சீங்க, கொளஞ்சியப்பர் கோயில்ல உங்க மேலயே சாமிக்குப் பிராது எழுதிக் கட்டுவேன்!"

"கட்டு, கட்டு. சாமி என்னா, எனக்கு சம்மன் அனுப்புமா?" என்று சிரித்துவிட்டுப் போனார் மாணிக்கவேல்.

கமலம் தினமும் கணவனுக்கு எதிரே உட்கார்ந்தாள். அவன் முழங்காலில் தட்டியபடி எண்ணும் ராகத்திலேயே "லாபம்... ரெண்டேய்... தண்ணி" என்பாள். அவன் அவள் உதட்டையே பார்ப்பான். ஒரு நாள் "தண்" வரும். மறுநாள் அதுவும் போய்விடும். சாமி படத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு மறுபடியும் தட்டுவாள்.

வெள்ளிக்கிழமை ராஜாங்கத்தின் வீட்டு வாசலில் நிற்க இடமில்லை. நாக்கில் சூடு போடுவதைக் காட்டப் பிள்ளைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். வறுத்த கடலையைக் கொறித்துக்கொண்டே "இன்னும் ஆரம்பிக்கலியா?" என்று கேட்டாள் ஒருத்தி. பூசாரி புகையிலையைச் சுவரோரம் துப்பிவிட்டு சூடு போட விரலி மஞ்சளை விளக்கில் காட்டிக் கனலவைத்தார். கமலத்தை இரண்டு பெண்கள் பிடித்துக்கொண்டார்கள். சாமிக்கண்ணு எதிரே உட்கார்ந்து ராஜாங்கத்தின் கைகளை அழுத்திப் பிடித்தான்.

அந்த முகத்தை அவ்வளவு கிட்டத்தில் அவன் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது. பேய் எதுவும் தெரியவில்லை. மத்தியானக் கூழைத் தன்னோடு பங்கிட்டுக் குடித்தவனின் கண்கள்தான் தெரிந்தன. அவை எல்லாவற்றையும் புரிந்துகொண்டு நடுங்கின.

பின்னாலிருந்து கமலம் அழுதபடியே ராகம் எடுத்தாள். "லாபம்..."

"லாபம்... ரெண்டேய்... மூணேய்..." ராஜாங்கத்தின் உதடுகள் அடுத்த சொல்லைத் தேடின. "மே... வே... மே..." கழுத்து நரம்பு புடைத்தது.

"பேயி ஒளறுது. நாக்க இழுங்க" என்றார் பூசாரி.

"வேண்... டா... ம்... மச்... சான்."

சாமிக்கண்ணு கைகளை விட்டான். பூசாரி நீட்டிய கனன்ற மஞ்சளைத் தட்டிவிட்டதில் அவன் உள்ளங்கைதான் பொசுங்கியது.

"போதும், எல்லாரும் வூட்டுக்குப் போங்க! நான் கையப் புடிச்சி வெச்சிருக்கேன், என்னையே மச்சான்னு கூப்புடறான். வடைய ஆட்டிக்கிட்டு நான் சிரிச்ச சிரிப்ப நெனச்சா எனக்கே கொமட்டுது."

மாணிக்கவேல் தலைகுனிந்து நின்றார். கூட்டம் ஏமாற்றத்தோடு கலைந்தது.

மறுநாள் டீக்கடையில் சாமிக்கண்ணு ஒரு வடையை முதலில் ராஜாங்கத்தின் கையில் வைத்தான். பிறகு பக்கத்தில் உட்கார்ந்தான். "டீ" என்று சொல்ல ராஜாங்கம் வாயைத் திறந்தான். எதிர் பெஞ்சுக்காரன் பழைய வழக்கப்படி வாயைக் கோணினான்.

"நிறுத்துடா!" என்றான் சாமிக்கண்ணு. "டாக்டரு சொன்னத கமலம் சொல்லிச்சி, அடிபட்ட மூளை மெதுவா வழி தேடிக்கிட்டு இருக்குதாம். சிரிக்கறவன் அந்த வழியில முள்ளப் போடறான். பேச வராதவனுக்கு சூடும் வேணாம், மந்திரமும் வேணாம். அவன் சொல்லி முடிக்கிற வரைக்கும் பொறுமையா காத்திருந்தா, அதுதான்டா நாம குடுக்கற மருந்து."

ராஜாங்கம் வடையை இரண்டாகப் பிய்த்தான். பாதியை எதிர் பெஞ்சுக்காரனிடம் நீட்டினான்.

"தி... தின்... னு."

வாங்கிக்கொண்டான் அவன். ஆனால் அந்த வடையை அவனால் வாய்க்குக் கொண்டுபோக முடியவில்லை.