ஓட்டைக்காரர்

அப்பாவின் விரல் நகங்களை மகள் வெட்டிக்கொண்டிருந்தாள். மூடிப்போன பூச்சிமருந்து ஆலையில் புதைந்துகிடந்த நஞ்சுப் பீப்பாய்களைத் தோண்டி அப்புறப்படுத்துவதில் பதினோரு ஆண்டுகள் கழித்த விரல்கள் அவை. நான்கு மணிக்குச் சுடுகாட்டு வண்டி வந்துவிடும்.

"சித்தப்பா வருவாரா?" என்று அம்மா மறுபடியும் கேட்டாள்.

"சொல்லிட்டேம்மா. 'ம்'னுட்டு போனை வெச்சுட்டாரு."

"அண்ணன் தம்பிக்குள்ள எட்டு வருஷமா பேச்சில்ல. இன்னிக்கும் வரலன்னா இனி என்னிக்கு?"

காரணம் தெருவறிந்தது. ஆலையிலிருந்து யாரோ களவாடி வந்த நாற்பது பீப்பாய்களைச் சித்தப்பா தம் பழைய இரும்புக் கடையில் கழுவி அடுக்கியிருந்தார். தண்ணீர் பிடித்துவைக்கச் சனங்கள் முண்டியடித்து வாங்கினர். கழுவினால் போகிற நஞ்சா அது? அப்பா கடப்பாரையோடு கடைக்குப் போனார். பிறகு வீடுவீடாகப் போனார். நாற்பதையும் குத்திய பிறகே ஓய்ந்தார். அன்றுமுதல் அவர் பெயர் ஓட்டைக்காரர். கல்லைப் போட்டுத் தண்ணீரை மேலே கொண்டுவந்த காகத்தைக் கதை கட்டிப் புகழ்ந்தார்கள். தண்ணீரைக் கீழே கொட்டவைத்தவரை யார் புகழ்வார்கள்?

"தலைப்பக்கம் யாரும்மா தூக்கறது?" என்றார் பக்கத்து வீட்டுத் தையல்காரர். "வண்டிக்காரர் தெருமுனையில நின்னு முணுமுணுக்கிறாரு."

"முணுமுணுக்கட்டும்ணே. பத்து நிமிஷம் பாக்கலாம்" என்றாள் மகள்.

ஒன்பதாவது நிமிடத்தில் சித்தப்பா வந்தார். நெடுநேரம் நின்று பார்த்துவிட்டு, மகளின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நாப்பதக் குத்தினாரு உங்கப்பா. என்னை மட்டும்தான் விட்டுவெச்சாரு."

அவள் அடுத்த நகத்தை வெட்டினாள்.

"அதுல ஒண்ணு என் வீட்டுச் சமையல்கட்டுல இருந்துச்சு. உன் சித்தி அப்ப ஏழு மாசம். கடைக்கு அப்புறம் மொத குத்து அதுலதான் விழுந்துச்சு. பொண்ணு இப்ப மூணாங்கிளாஸ் படிக்குது."

"அப்புறம் ஏன் சித்தப்பா பேசாம இருந்தீங்க?"

"கோவம் ஆறு மாசத்துல போயிடுச்சும்மா. மிச்சமெல்லாம் வெக்கம்."

வாசலில் வண்டி வந்து நின்றது. கால்மாட்டில் அப்பாவோடு வேலை பார்த்த இளைஞர்கள் இருவர் நின்றனர். தையல்காரர் இடுப்புப் பக்கம் பிடித்தார். சித்தப்பா தலைமாட்டுக்குப் போனார். யாரும் அவரைக் கேட்கவில்லை.

தூக்கினார்கள். வாசலை நெருங்கும்போது சித்தப்பா குனிந்து, தாழ்ந்த குரலில் சொன்னார்:

"பாத்துண்ணே, படி இருக்கு."

தூக்கியவர்கள் எல்லாரும் அவரைவிட இளையவர்கள்.